மெய்க்கீர்த்தியும் நான்கெல்லையும்: போடிநாயக்கனூர்த் தொகுதியின் தேர்தல் வரலாற்றைப் பழனிசெட்டிபட்டியிலிருந்து வாசித்தல்

ஆய்வுச்சுருக்கம்

சட்டமன்றத் தொகுதிகளின் வரலாறு பெரும்பாலும் வென்றோர் பெயர்ப்பட்டியலாகவே எழுதப்பட்டு வருகிறது. தொகுதியின் நிலப்பரப்பு அவ்வப்போது மாறியிருப்பினும், பெயர் மாறாத காரணத்தால் அதனை ஒரே தொகுதியாகக் கொண்டு ‘கோட்டை’, ‘நட்சத்திரத் தொகுதி’ முதலிய முடிவுகள் சொல்லப்படுகின்றன. தேனி மாவட்டத்தில் 2008 மறுவரையறையால் தேனி சட்டமன்றத் தொகுதி மறைந்ததையும், தேனி நகரை ஒட்டிய பழனிசெட்டிபட்டிப் பேரூராட்சி போடிநாயக்கனூர்த் தொகுதியில் அமைந்திருப்பதையும் சான்றாகக் கொண்டு, இவ்வகை வரலாற்றெழுத்தின் குறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தொகுதி மறுவரையறை, போடிநாயக்கனூர், தேனி, பழனிசெட்டிபட்டி, தேர்தல் வரலாற்றெழுத்து, முல்லைப் பெரியாறு

மூன்று வரைபடங்களில் ஓர் ஊர்

தேனியிலிருந்து கம்பம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நகரை அடுத்து வருவது பழனிசெட்டிபட்டி. கடைவீதியும் குடியிருப்பும் இடைவெளியின்றித் தொடர்வதால், தேனி எங்கே முடிந்து பழனிசெட்டிபட்டி எங்கே தொடங்குகிறது என்பதை அயலூரார் அறிவது அரிது. வருவாய்த் துறைக் கணக்கில் இவ்வூர் தேனி வட்டத்தைச் சேர்ந்தது. உள்ளாட்சியில் தனிப் பேரூராட்சி. நீர்ப்பாசனக் கணக்கிலோ இதற்கு வேறோர் இடம் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் சாகுபடி நிலத்தை அரசு அறிவிப்புகள் ‘லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை’ என்று குறிப்பதே வழக்கம். அந்த 14,707 ஏக்கர் ஆயக்கட்டின் கடைமடை எல்லை இவ்வூர்ப் பெயரால் அறியப்படுகிறது.

தேர்தல் ஆணையத்தின் வரைபடத்தில் இவ்விரண்டு உறவுகளும் காணப்படுவதில்லை. தேனி–அல்லிநகரம் நகராட்சி பெரியகுளம் தனித்தொகுதியில் உள்ளது. அதனை ஒட்டிய பழனிசெட்டிபட்டியும், அடுத்துள்ள வீரபாண்டியும் போடிநாயக்கனூர்ப் பொதுத் தொகுதியில் உள்ளன. பள்ளத்தாக்கின் மேற்பகுதியான கம்பம் மற்றொரு தொகுதி. ஒரே சந்தையில் கொடுக்கல் வாங்கல் செய்வோர் இரு தொகுதிகளாகப் பிரிந்திருக்க, ஒரே ஆற்றுநீரை மேல்மடையிலும் கடைமடையிலும் பெறுவோரும் இரு தொகுதிகளாகப் பிரிந்துள்ளனர். நகரால் ஒன்றாகவும் நீரால் ஒன்றாகவும் வாழும் மக்கள் வாக்கால் மட்டும் வெவ்வேறாக நிற்கும் இந்நிலையைத் தொகுதி வரலாறுகள் எவ்வாறு எழுதியுள்ளன என்பதே இங்கு எழும் வினா. எழுதவே இல்லை என்பதுதான் விடை. எழுதப்படாமைக்கு அவ்வரலாறுகளின் எழுத்துமுறையே காரணம்.

தொகுதி வரலாறு என்னும் எழுத்துவகை

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் நாளேடுகளும் வார இதழ்களும் ‘தொகுதி ஓர் அறிமுகம்’ என்னும் பகுதியைத் தொடங்குகின்றன. அவற்றின் அமைப்பு ஏறக்குறைய வார்ப்பு மாறாதது. முதலில் ஊர்ச்சிறப்பு ஒரு பத்தி வரும். போடியாயின் ஏலக்காய், வீரபாண்டியாயின் கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா. அடுத்து எந்தெந்தச் சாதியினர் எத்தனை விழுக்காடு என்னும் மதிப்பீடு. இதற்கு மூலம் காட்டப்படுவதே இல்லை. அதன்பின் 1952 அல்லது 1957 தொடங்கி இன்றுவரை வென்றவர், கட்சி, வாக்கு வேறுபாடு என்னும் அட்டவணை. இறுதியில் நிறைவேறாத கோரிக்கைகள் சில. கல்விப்புல ஆய்வேடுகள் பலவும் இதே அமைப்பைச் சற்று விரிவாக்கியே தொகுதி வரலாற்றை எழுதுகின்றன. அட்டவணை நீளும், அது எந்த நிலத்தின் அட்டவணை என்ற கேள்வி எழுவதில்லை.

தமிழ்க் கல்வெட்டு மரபை அறிந்தோர்க்கு இங்கே ஓர் ஒப்புமை தோன்றும். முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுகள் மெய்க்கீர்த்தியோடு தொடங்குகின்றன. அரசன் வென்ற நாடுகளும் கொண்ட சிறப்புகளும் அதில் வரிசைப்படும். ஆனால் கல்வெட்டு அதனோடு நின்றுவிடுவதில்லை. கொடுக்கப்பட்ட நிலம் எது என்பதை, கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என நான்கெல்லையும் வகுத்துச் சொல்கிறது. வாய்க்காலும் வதியும் வரப்பும் அங்கே பெயரோடு வருகின்றன. மெய்க்கீர்த்தி ஒரே வாய்பாடாகப் பல ஊர்க் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். அந்தந்த ஊரின் வரலாறு நான்கெல்லைப் பகுதியில்தான் தங்கியிருக்கும். இன்றைய கிரயப் பத்திரத்திலும் செக்குபந்தி இல்லாமல் சொத்து விவரம் நிறைவு பெறுவதில்லை.

தொகுதி வரலாறுகள் மெய்க்கீர்த்தியை மட்டும் வைத்துக்கொண்டு நான்கெல்லையை விட்டுவிட்டன. இது வெறும் விடுபடல் அன்று. எல்லை சொல்லப்படாதபோது, பெயர் ஒன்றாக இருப்பதாலேயே நிலமும் மக்களும் ஒன்றே என்னும் எண்ணம் உண்டாகிறது. 2006இன் போடிநாயக்கனூரும் 2011இன் போடிநாயக்கனூரும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளாக நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே தொகுதி மறுவரையறை ஆணை ஒன்று இருப்பதை அட்டவணை காட்டுவதில்லை. மிஞ்சினால் ஓர் உடுக்குறி இருக்கும்.

ஐந்து நான்கானது

தேனி மாவட்டம் மதுரை மாவட்டத்திலிருந்து 1996இல் பிரிக்கப்பட்டது. அப்போது அதன் எல்லைக்குள் தேனி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம், ஆண்டிபட்டி என ஐந்து சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. இவை 1971 மக்கள்தொகைக் கணக்கின் அடிப்படையில், தனி மாவட்டம் என்ற ஒன்று இல்லாத காலத்தில் வகுக்கப்பட்டவை. 2002 தொகுதி மறுவரையறைச் சட்டத்தின்கீழ் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமைந்த ஆணையம் 2001 கணக்கை அடிப்படையாகக் கொண்டு எல்லைகளை மாற்றி அமைத்தது. 2008இல் நடைமுறைக்கு வந்த அந்த ஆணை தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் முதன்முதலாக 2011இல் பயன்பட்டது. மாநிலத்தின் மொத்த இடங்கள் 234 என்பது மாறவில்லை. உள்ளே மட்டும் கோடுகள் நகர்ந்தன.

தேனி மாவட்டம் ஓரிடத்தை இழந்ததற்குக் கட்சிகளின் சூழ்ச்சி முதலிய விளக்கங்கள் வாய்மொழியாக வழங்குகின்றன. கணக்கு அதைவிட எளியது. 2001இல் தமிழகத்தின் மக்கள்தொகை 6,24,05,679. இதனை 234ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி ஏறத்தாழ 2,66,700 பேர். தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை 10,93,950. சராசரியால் வகுக்க வருவது 4.1. மாவட்ட எல்லையைத் தாண்டாமல் சட்டமன்றத் தொகுதிகளை அமைப்பது என்னும் நெறியைப் பின்பற்றினால் நான்குக்குமேல் கிடைக்க வழியில்லை. தனி மாவட்டம் வேண்டும் என்னும் கோரிக்கை நிறைவேறியதன் பயனாகவே தனித் தொகுதிக் கணக்கும் வந்து சேர்ந்தது. மாவட்டத் தலைநகர் என்னும் தகுதியைப் பெற்ற ஊர் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் தன் பெயரிலான சட்டமன்றத் தொகுதியை இழந்தது இவ்வாறுதான்.

எந்தத் தொகுதி மறைய வேண்டும் என்பதற்குக் கணக்கில் விடை இல்லை. நிலத்தொடர்ச்சி, இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி ஆகியவற்றைக் கருத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும் இடங்களும் உண்டு. முரண்படும் இடங்களும் உண்டு. பழனிசெட்டிபட்டி முரண்படும் இடம். போக்குவரத்தையும் மக்கள் வசதியையும் பார்த்தால் அது தேனி நகரோடு இருக்க வேண்டும். ஆற்றைப் பார்த்தால் சின்னமனூர், உத்தமபாளையம் வழியே கம்பத்தோடு அதற்கு உறவு. எண்ணிக்கையை நிரவும் தேவை வந்தபோது இவ்விரண்டும் பின்னுக்குப் போயின. ஆணையம் தவறு செய்தது என்று இதனால் சொல்லிவிட முடியாது. எங்கே கோடு போட்டாலும் அது யாரேனும் ஒருவருடைய வாழிடத்தை ஊடறுத்தே செல்லும். அப்படி ஊடறுத்ததைப் பதிவு செய்வது வரலாற்றாசிரியரின் கடமை. அது செய்யப்படவில்லை என்பதே குறை.

பெயர்கள் இடம் மாறியமையும் நோக்கத்தக்கது. 2008க்கு முன் இப்பகுதியின் மக்களவைத் தொகுதி பெரியகுளம் எனப்பட்டது. மறுவரையறைக்குப்பின் அது தேனி ஆயிற்று. அதாவது, தேனி என்னும் பெயர் சட்டமன்றத்திலிருந்து நீங்கி மக்களவைக்கு ஏறியது. பெரியகுளம் மக்களவையிலிருந்து நீங்கிச் சட்டமன்றத்தில் மட்டும் தங்கியது. இப்போதுள்ள தேனி மக்களவைத் தொகுதியில் மாவட்டத்தின் நான்கு தொகுதிகளோடு மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டியும் சோழவந்தானும் சேர்ந்துள்ளன. இவ்விணைப்பைச் செயற்கையானது என்போர் உளர். ஆனால் மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிக்குச் செல்லும் இருப்புப்பாதையை நினைவில் கொண்டால், இந்த மக்களவை எல்லை சட்டமன்ற எல்லைகளைவிட ஊர்களின் உறவுக்கு நெருங்கியது என்பது விளங்கும்.

வாரிசற்ற தேனி

தேனி சட்டமன்றத் தொகுதி மறைந்ததால் அதன் வரலாறு எங்கே போயிற்று? 1962இல் தேனியிலிருந்து திராவிட முன்னேற்றக் கழகத்தின் சார்பில் வென்றவர் நடிகர் எஸ். எஸ். இராசேந்திரன். திரைப்பட நடிகர் ஒருவர் தேர்தலில் நின்று சட்டமன்றம் சென்ற முதல் நிகழ்வாக இது பரவலாகச் சொல்லப்படுகிறது. காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்ற தேர்தல் அது. கட்சிக்குக் கிடைத்தவை 50 இடங்கள். தமிழக அரசியலுக்கும் திரைத்துறைக்கும் உள்ள உறவை எழுதுவோர் பெரும்பாலும் 1967இலிருந்து, எம். ஜி. இராமச்சந்திரன் பரங்கிமலையில் வென்றதிலிருந்து தொடங்குகின்றனர். தேனி அதற்கு ஐந்தாண்டு முந்தியது. 1991இல் இதே தேனியிலிருந்து இரா. நெடுஞ்செழியன் தேர்ந்தெடுக்கப்பட்டு, அந்த அமைச்சரவையில் நிதித்துறைப் பொறுப்பேற்றார்.

இன்று இவ்வரலாற்றைத் தம்முடையதாகச் சொல்லிக்கொள்ளத் தொகுதி எதுவும் இல்லை. பெரியகுளத்தின் அட்டவணையில் தேனியின் வெற்றியாளர்கள் வரமாட்டார்கள். போடியின் அட்டவணையிலும் வரமாட்டார்கள். தேனிக்கென உள்ள அட்டவணை 2006 வரியோடு நின்றுவிடுகிறது. அங்கே வாக்களித்த மக்கள் மட்டும் வாக்களித்துக்கொண்டே இருக்கின்றனர். தொகுதியைப் பெயராகக் கொள்ளும் எழுத்துமுறையில் மக்கள் தொடர, வரலாறு அறுந்துபோகும் விந்தை இது. எஸ். எஸ். இராசேந்திரன் 1980இல் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் சார்பில் ஆண்டிபட்டியில் வென்றதால், அவர் பெயராவது ஆண்டிபட்டிப் பட்டியலில் தப்பிப் பிழைத்தது.

‘கோட்டை’ என்னும் சொல்

போடிநாயக்கனூரைப் பற்றிய எழுத்துகளில் மிகுதியாகப் பயிலும் சொல் ‘கோட்டை’. அ.தி.மு.க.வின் கோட்டை என்பர். 1989இல் செல்வி ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொகுதி இது. 2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களிலும் ஓ. பன்னீர்செல்வம் வென்ற தொகுதியும் இதுவே. இவ்விரு முனைகளையும் ஒரு கோட்டால் இணைத்தால் கோட்டை எழும்பிவிடுகிறது.

இடைப்பட்ட வரிகளைப் படித்தால் அது நிற்பதில்லை. 1991இல் அ.தி.மு.க.; 1996இல் தி.மு.க.; 2001இல் மீண்டும் அ.தி.மு.க.; 2006இல் மீண்டும் தி.மு.க. இந்நான்கு தேர்தல்களிலும் போடி மாநிலத்தில் ஆட்சி அமைத்த கட்சியின் பக்கமே சென்றுள்ளது. இதனைக் கோட்டை என்பதைவிடக் காற்றாடி என்பது பொருந்தும். 2006இன் முடிவு இன்னும் கூர்ந்து நோக்கற்குரியது. அத்தேர்தலில் மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளுள் ஆண்டிபட்டி, பெரியகுளம், தேனி ஆகிய மூன்றையும் அ.தி.மு.க. வென்றது, கம்பத்தை அதன் கூட்டணியில் இருந்த ம.தி.மு.க. வென்றது. தி.மு.க.வுக்குக் கிடைத்த ஒரே இடம் போடி. பதினைந்து ஆண்டுகள் கழித்து 2021இல் மாவட்டத்தின் நான்கு தொகுதிகளுள் மூன்றைத் தி.மு.க. வென்றது. அ.தி.மு.க.வுக்குக் கிடைத்த ஒரே இடம் போடி. இரண்டு முறையும் விதிவிலக்காக நின்ற பெயர் ஒன்று. நின்ற திசை நேர்மாறு.

இம்மாற்றத்துக்கு ‘மக்கள் மனம் மாறியது’ என்று விளக்கம் கூறுவது எளிது. அதற்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்த மக்கள்? 2006இல் வாக்களித்த தொகுதியும் 2021இல் வாக்களித்த தொகுதியும் எல்லையால் ஒன்றல்ல. வேட்பாளரும் எல்லை மாற்றத்தின் விளைவாகவே வந்தவர். ஓ. பன்னீர்செல்வம் பெரியகுளத்துக்காரர்; அந்நகராட்சியின் தலைவராக இருந்தவர்; 2001, 2006 தேர்தல்களில் பெரியகுளத்தில் வென்றவர்; 2001 செப்டம்பரில் முதன்முறை முதல்வரானபோது பெரியகுளத்தின் உறுப்பினர். மறுவரையறையில் பெரியகுளம் தனித்தொகுதி ஆனதால் 2011இல் அவர் போடிக்கு வந்தார். ஆகவே பெரியகுளத்தில் நிகழ்ந்த ஒரு சட்டமாற்றத்தின் நிழலே போடியின் ‘கோட்டை’ வரலாற்றின் இரண்டாம் பாதி. போடியைப் பற்றி மட்டும் எழுதும் நூல் இதனைக் காண முடியாது.

வேறுபாட்டு எண்களும் கோட்டையைத் தாங்கவில்லை. 2011இல் 29,906; 2016இல் 15,608; 2021இல் 11,021. 2011, 2016 ஆகிய இரு தேர்தல்களிலும் எதிர்நின்றவர் 2006இல் இத்தொகுதியில் வென்ற தி.மு.க.வின் எஸ். இலட்சுமணன். 2021இல் எதிர்நின்றவர் ஆண்டிபட்டியில் அ.தி.மு.க. சார்பில் பலமுறை வென்று, பின் தி.மு.க.வில் சேர்ந்த தங்க தமிழ்ச்செல்வன். வென்றவரின் வாக்கு 2016இல் 99,531, 2021இல் 1,00,050 என ஏறத்தாழ நிலையாக நிற்க, இரண்டாமவரின் வாக்கு 2011இல் 65,329, 2016இல் 83,923, 2021இல் 89,029 என ஏறிக்கொண்டே வந்துள்ளது. வென்றவர் பெயர் மட்டும் மூன்று முறை மாறாதிருந்ததால் தொகுதியும் மாறாதது போலத் தோன்றுகிறது.

இக்காலத்தில் போடியின் உறுப்பினர் 2014 செப்டம்பரிலும் 2016 திசம்பரிலும் இருமுறை முதல்வர் பொறுப்பேற்றார். நட்சத்திரத் தொகுதி என்னும் அடைமொழி அதனால் உறுதிப்பட்டது. அந்த அடைமொழியின் பயன் என்ன என்று கேட்பவர் இருப்புப்பாதையைப் பார்க்கலாம். மதுரை–போடி மீட்டர் பாதை அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியில் மூடப்பட்டது. 2011, 2016, 2021 என மூன்று சட்டமன்றத் தேர்தல்கள் தொடர்வண்டி இல்லாமலேயே நடந்தன. 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 சூன் மாதம் போடி வரையிலும் வண்டி வந்தது. தொடர்வண்டித் துறை ஒன்றிய அரசினுடையது. முதல்வரைக் குறைகூற இதில் இடமில்லை. எனினும், ஒரு தொகுதியின் பெருமையைத் தலைவர்களின் பதவியால் அளக்கும் வழக்கம் அத்தொகுதியில் பயணச்சீட்டு வாங்க முடியாதிருந்த பன்னிரண்டு ஆண்டுகளை எங்கே எழுதி வைக்கும் என்பது கேட்கத் தகுந்ததே.

1989: இரு தேர்தல்களும் ஒரு செப்டம்பரும்

இப்பகுதியின் வாக்குப் போக்குக்குச் சாதியைக் காரணமாகக் காட்டுவது மற்றொரு வழக்கம். முக்குலத்தோர் பெரும்பான்மை, எம்.ஜி.ஆர். பற்று, ஆகவே அ.தி.மு.க. என மூன்றே அடியில் முடிந்துவிடும் விளக்கம் அது. 1984இல் நியூயார்க் மருத்துவமனையில் இருந்தபடியே எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டியில் வென்றமை இதற்குத் தலையாய சான்றாகக் காட்டப்படும்.

1989 சனவரித் தேர்தல் இவ்விளக்கத்துக்கு ஒரு சோதனை. எம்.ஜி.ஆர். மறைந்தபின் கட்சி இரண்டாகப் பிளந்து, இரட்டை இலை முடக்கப்பட்டிருந்த காலம். அவருடைய துணைவியார் ஜானகி இரட்டைப் புறாச் சின்னத்தில் கணவரின் தொகுதியாகிய ஆண்டிபட்டியில் நின்றார். ஜெயலலிதா சேவல் சின்னத்தில் போடியில் நின்றார். அவரை எதிர்த்து ஜானகி அணியில் நடிகை வெண்ணிற ஆடை நிர்மலா நின்றார். எம்.ஜி.ஆர். பற்றும் சாதியும் மட்டுமே தீர்மானிக்கும் ஆற்றல்கள் என்றால் அண்டைத் தொகுதிகளாகிய இரண்டிலும் முடிவு ஒத்திருக்க வேண்டும். ஆண்டிபட்டியில் ஜானகி தோற்றார், தி.மு.க. வென்றது. போடியில் ஜெயலலிதா 57,603 வாக்குகள் பெற்றார்; அடுத்து வந்த தி.மு.க. வேட்பாளர் பெற்றவை 28,872. மாநிலம் முழுதும் ஜானகி அணி இரண்டே இடங்களைப் பெற, 27 இடங்களைப் பெற்ற அணியின் தலைவராக ஜெயலலிதா எதிர்க்கட்சித் தலைவரானார். எம்.ஜி.ஆரின் வாக்கு நிலத்தோடு ஒட்டிய சொத்தன்று. இரு வாரிசுகளும் அதனைத் தனித்தனியே கேட்டுப் பெற வேண்டியிருந்தது என்பதையே இவ்விரு முடிவுகளும் காட்டுகின்றன.

அவ்வாண்டு செப்டம்பரில் போடி வட்டாரத்தில் சாதிக் கலவரம் மூண்டது. தலித் மக்கள் உயிரும் உடைமையும் இழந்தனர். ‘1989: ஜெயலலிதா வெற்றி’ என்னும் வரியைத் தாங்கிய அட்டவணைகளில் அந்தச் செப்டம்பருக்கு இடமில்லை. சாதியை வாக்கு விழுக்காடாக எண்ணிச் சொல்லும் எழுத்து, சாதியை வன்முறையாக எதிர்கொண்டவர்களின் அனுபவத்தை விட்டுவிடுகிறது. இது வெறும் மறதி அன்று. சாதியைத் தேர்தல் கணக்கின் ஓர் உறுப்பாக மட்டும் காணும் பார்வையில், வாக்குகளின் எண்ணிக்கையை மாற்றாத துன்பம் செய்தியாகவே தோன்றுவதில்லை.

தனித்தொகுதி ஒதுக்கீட்டை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். 2006 தேர்தலில் மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளும் பொதுத் தொகுதிகள். மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் பட்டியல் சாதியினர். ஒதுக்கப்படும் இடங்கள் மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவலாக, பட்டியல் சாதியினர் ஒப்பளவில் மிகுந்த இடங்களில் அமைய வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. 2008இல் பெரியகுளம் ஒதுக்கப்பட்டது. 2011இல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும், 2016இல் அ.தி.மு.க.வும், 2019 இடைத்தேர்தலிலும் 2021இலும் தி.மு.க.வும் அங்கே வென்றன. போடி என்னும் பெயர் ‘நட்சத்திரம்’ ஆன அதே ஆணையால்தான் பெரியகுளம் தனித்தொகுதி ஆயிற்று. எனினும் பத்திரிகை எழுத்துகளில் முன்னது பேரிழப்பின்றி வேறிடம் சென்ற தலைவரின் கதையாகவும், பின்னது அத்தலைவர் விட்டுச்சென்ற இடத்தின் கதையாகவுமே இடம்பெறுகிறது. ஒதுக்கீட்டால் மாவட்டத்திலிருந்து பட்டியல் சாதி உறுப்பினர் ஒருவர் தவறாமல் சட்டமன்றம் செல்லும் நிலை உருவானது என்பது தலைப்பாவதில்லை.

நீர் காட்டும் தொகுதி

போடிநாயக்கனூர்த் தொகுதிக்குள் இரண்டு ஆறுகளின் பொருளியல் உண்டு. குரங்கணி மலையிலிருந்து போடி வழியாக வரும் கொட்டக்குடி ஆறு ஒன்று. அதனைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் முல்லைப் பெரியாறு மற்றொன்று. போடி நகரின் செல்வம் மலைமேல் விளையும் ஏலக்காயும் காப்பியும் சார்ந்தது. அதன் தொழிலாளர் எல்லை தாண்டிக் கேரளத் தோட்டங்களுக்குச் செல்வோர். பழனிசெட்டிபட்டியின் வயலோ பெரியாற்று அணையின் நீரை நம்பியது. இருபோக ஆயக்கட்டாகிய 14,707 ஏக்கரில் உத்தமபாளையம் வட்டத்துக்கு 11,807, தேனி வட்டத்துக்கு 2,412, போடிநாயக்கனூர் வட்டத்துக்கு 488 ஏக்கர் என்பது அரசின் கணக்கு. தொகுதிக்குப் பெயர் கொடுத்த வட்டத்தின் பங்கு முப்பதில் ஒன்றுதான். ஆகையால் ‘போடியின் பிரச்சினை’ என்று எழுதப்படுவது ஏலக்காய் விலையாக இருக்க, அதே தொகுதியின் கீழ்க்கோடியில் உள்ளோர் சூன் மாதம் மதகு திறக்கும் நாளை எதிர்பார்த்திருப்பர்.

முல்லைப் பெரியாற்று அணையின் நீர்மட்டம் 1979இல் 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைக்கப்பட்டதும், 142 அடியாக உயர்த்த 2006இலும் பின் அரசமைப்பு அமர்வின் வழியாக 2014 மே மாதத்திலும் உச்ச நீதிமன்றம் வழிவிட்டதும் அறியப்பட்ட செய்திகள். 2011 திசம்பரில் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்கள் திரண்டு குமுளி நோக்கிச் சென்றபோது அவர்கள் தொகுதி வாரியாகச் செல்லவில்லை. ஆற்றின் வழியே சென்றனர். 2013 சனவரியில் லோயர் கேம்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அந்த இடம் கம்பம் தொகுதி. தேர்தல் ஆய்வுகள் நீர்ப்போராட்டத்தைக் கம்பத்தின் வரியில் எழுதிவைத்து நகர்ந்துவிடுகின்றன. கடைமடையில் நீர் எத்தனை நாள் பிந்தி வந்தது என்பதற்கும் போடியின் வாக்குக்கும் உறவுண்டா என்று எவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. உறவு இல்லாமலும் இருக்கலாம். பார்ப்பதற்கு வழி உண்டு என்பதே இங்கு சொல்ல வேண்டியது.

அந்த வழி படிவம் 20. வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளைத் தேர்தல் ஆணையம் இப்படிவத்தில் வெளியிடுகிறது. பழனிசெட்டிபட்டி, வீரபாண்டிச் சாவடிகளைப் போடி நகரச் சாவடிகளோடு ஒருபுறமும், பெரியகுளம் தொகுதியில் உள்ள தேனி நகரச் சாவடிகளோடு மறுபுறமும் ஒப்பிட்டால், ஊர் நகரோடு வாக்களிக்கிறதா, தொகுதியோடு வாக்களிக்கிறதா என்பது வெளிப்படும். இம்முறைக்கும் இடர்ப்பாடுகள் உள்ளன. அஞ்சல் வாக்குகள் சாவடிக்கணக்கில் சேர்வதில்லை. 2021இல் பெருந்தொற்றின் காரணமாகப் பெரிய சாவடிகள் பிரிக்கப்பட்டதால் எண்கள் முந்தைய தேர்தலோடு ஒத்துப்போகா. தெருவின் பெயரைக் கொண்டே பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கும். இரு தொகுதிகளிலும் வேட்பாளர் வேறு, ஒன்று தனி, மற்றொன்று பொது என்பதால் சட்டமன்ற வாக்கை நேராக ஒப்பிடுதலும் தகாது. மக்களவைத் தேர்தலில் இவ்விடர் இல்லை. 2019இலும் 2024இலும் தேனி நகரும் பழனிசெட்டிபட்டியும் போடியும் ஒரே வேட்பாளர் பட்டியலிலிருந்தே தேர்ந்தன. 2019இல் ப. இரவீந்திரநாத் வென்றது தமிழகத்தில் அவர் கூட்டணிக்குக் கிடைத்த ஒரே மக்களவை இடம்; 2024இல் தங்க தமிழ்ச்செல்வன் டி. டி. வி. தினகரனைத் தோற்கடித்தார். ஐந்தாண்டில் தலைகீழான இவ்விரு முடிவுகளையும் ஊர் வாரியாகப் படித்தால் கோட்டை எங்கே இருந்தது, எங்கே பெயர்ந்தது என்பது தெரியவரும்.

2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வரை தொகுதிகளின் எண்ணிக்கை மாறாது என்பது அரசமைப்பின் 84ஆம் திருத்தத்தின் ஏற்பாடு. அதன்பின் வரும் மறுவரையறை பற்றித் தமிழகத்தில் நடைபெறும் விவாதம் மக்களவையில் மாநிலத்தின் பங்கு குறையுமா என்பதைச் சுற்றியே அமைந்துள்ளது. அது பெரிய கேள்விதான். எனினும் மாநிலத்துக்குள் கோடுகள் மீண்டும் வரையப்படும்போது தேனி மாவட்டம் நான்கைக் காக்குமா, தேனி என்னும் பெயர் சட்டமன்றத்துக்குத் திரும்புமா, நகரை ஊடறுக்கும் எல்லை நகருமா என்பன தனிக் கேள்விகள். வரைவு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்க மக்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. அவ்விடத்தில் முன்வைக்கத்தக்க ஆவணம் வென்றோர் அட்டவணை அன்று. எந்த ஊர் எந்த ஆண்டு எந்தத் தொகுதியில் இருந்தது என்னும் நான்கெல்லைக் குறிப்பே அங்கு பயன்படும். பழனிசெட்டிபட்டிக்கு அத்தகைய குறிப்பு 1952 முதல் தொகுக்கப்பட வேண்டும். அதற்கான மூலங்கள் அடுத்தடுத்த மறுவரையறை ஆணைகளின் இணைப்புப் பட்டியல்களில், வட்டத்தின்கீழ் ஊர்ப்பெயர்களாக அச்சாகிக் கிடக்கின்றன.